'இத்தாலியர்' என்ற ஒற்றைப் பெயரைப் பிரிப்பது எப்படி: இடைக்கால இத்தாலிக்கு ஒரு மாட் வழிகாட்டி

மொரிஷியஸ் ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் மதிப்பு முதலில் ஆங்கிலத்திலும் அடுத்துத் தமிழிலும் அதற்குப் பின் இந்தியிலும் அச்சாகியிருக்கும். 1998இல் வெளிவந்த நோட்டுகளில் இந்த வரிசை மாறித் தமிழ் கீழே இறங்கியபோது, இங்குள்ள தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய வரிசையிலேயே புதியவை அச்சாயின. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாங்கள் எல்லாரும் 'இந்தியர்'. தீவுக்குள் தைப்பூசக் காவடிக்கு ஒரு விடுமுறை, உகாதிக்கு ஒரு விடுமுறை, விநாயகர் சதுர்த்திக்கு ஒன்று, மகா சிவராத்திரிக்கு ஒன்று என்று ஒவ்வொரு சமூகமும் தன் அடையாளத்தைத் தனியே காத்து வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த நான், இடைக்கால அரச வம்சங்களை நடத்தும் கணினி ஆட்டமான க்ரூசேடர் கிங்ஸ் 3க்கு ஒரு மாட் (ஆட்டத்தின் கோப்புகளை மாற்றி ரசிகர்கள் செய்யும் பதிப்பு) செய்ய உட்கார்ந்தபோது முதலில் கைவைத்தது இத்தாலியில்தான். பெயர் ஒன்றாக இருப்பதால் மக்களும் ஒன்றாகிவிடுவார்கள் என்று வரைபடம் சொல்லும்போது அதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகளாக அந்த வேலையில் கற்றுக்கொண்டதை அடுத்துச் செய்ய வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கோப்புகளைத் திறப்பதற்கு முன் ஆண்டை முடிவு செய்துகொள்ளுங்கள். இன்றைய இத்தாலியின் மாநில எல்லைகளை எடுத்து அப்படியே பண்பாட்டு எல்லைகளாக ஒட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. ஆட்டத்தின் தொடக்க ஆண்டுகளான 867, 1066, 1178 ஆகிய மூன்றுக்கும் இடையே தென்னித்தாலி மூன்று வேறு நாடுகளைப் போல மாறியிருக்கிறது. 867இல் பாரி நகரில் ஓர் அமீர் ஆள்கிறார். 871இல் பேரரசர் இரண்டாம் லூயி அந்நகரைக் கைப்பற்றுகிறார். சில ஆண்டுகளில் அது பைசாந்தியப் பேரரசின் கைக்குச் சென்று, 1071இல் நோர்மானியத் தலைவர் ராபர்ட் கிஸ்கார்டிடம் விழும்வரை அங்கேயே இருக்கிறது. இந்த மூன்று ஆட்சியிலும் பாரியைச் சுற்றியிருந்த உழவர்களில் பெரும்பாலோர் அதே மக்கள்தான். ஆகவே ஆட்சி மாறும்போதெல்லாம் மாகாணத்தின் பண்பாட்டையும் மாற்றாதீர்கள்.

ஒரு மாகாணத்துக்கு எந்தப் பண்பாட்டைக் கொடுப்பது என்று தீர்மானிக்க நான் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். அங்குள்ளவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள்? எந்தச் சட்டப்படி வாழ்வதாகச் சொன்னார்கள்? பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? இரண்டாவது கேள்வி நமக்குப் புதிதாகத் தோன்றலாம். இடைக்கால இத்தாலியப் பத்திரங்களில் நிலம் விற்பவர் தம் பெயரோடு, தாம் பிறப்பால் லாங்கபார்டர் (568இல் இத்தாலிக்குள் வந்த ஜெர்மானிய மக்கள்) சட்டப்படி வாழ்பவர் என்றோ ரோமானியச் சட்டப்படி வாழ்பவர் என்றோ அறிவிக்கும் வழக்கம் இருந்தது. ஒரே ஊரின் ஒரே தெருவில் இரண்டு சட்டத்தாரும் வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்த மூன்று கேள்விக்கும் மூன்று வேறு விடை வரலாம் என்பதை ஒரே ஓர் ஆவணம் காட்டுகிறது. 960ஆம் ஆண்டு மார்ச் மாதம் கபுவா நகரில், மோன்டே கஸ்ஸீனோ மடத்துக்கும் அக்வீனோவைச் சேர்ந்த ரோதெல்கிரிமோ என்பவருக்கும் இடையிலான நில வழக்கு விசாரணைக்கு வந்தது. வழக்கைக் கேட்ட நீதிபதியின் பெயர் அரெக்கிஸி. மடத்துக்காகச் சாட்சி சொன்னவர்களில் தெயோதெமோந்தோ, கரிபெர்ட்டோ என்று இருவர் இருந்தார்கள். இவை யாவும் ஜெர்மானிய வழி வந்த லாங்கபார்டுப் பெயர்கள். ஆவணம் எழுதப்பட்டது லத்தீனில். ஆனால், இந்த நிலங்களை முப்பது ஆண்டுகள் புனித பெனடிக்ட்டின் தரப்பு அனுபவித்து வந்தது என்று சாட்சிகள் சத்தியம் செய்த அந்த ஒரு வாக்கியத்தை மட்டும், அவர்கள் வாயால் சொன்ன பேச்சு மொழியிலேயே எழுத்தர் பதிவு செய்திருக்கிறார். இத்தாலியப் பேச்சு மொழிக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இது. பெயர் லாங்கபார்டு, எழுத்து லத்தீன், பேச்சு இத்தாலியம். ஆட்டத்தில் இதை அப்படியே செய்ய முடியும்: கபுவாவின் பண்பாட்டுக்கு மொழித் தூணாக (பண்பாட்டின் மொழியைக் குறிக்கும் ஆட்ட அமைப்பு) ரோமானிய வழிப் பேச்சைக் கொடுத்து, பெயர்ப் பட்டியலை மட்டும் ஜெர்மானியப் பெயர்களால் நிரப்புங்கள். மொழியையும் பெயர்ப் பட்டியலையும் ஆட்டம் தனித்தனியே வைத்திருப்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

எத்தனை பண்பாடுகள் வேண்டும்? கவிஞர் தாந்தே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்மொழிப் பேச்சு பற்றி எழுதிய லத்தீன் நூலில், அப்பென்னைன் மலைத்தொடரைக் கூரையின் முகடாக வைத்து, அதன் இருபுறமும் சேர்த்துக் குறைந்தது 14 பேச்சு வழக்குகளை எண்ணுகிறார். போலோஞ்ஞா என்ற ஒரே நகரின் இரு பகுதியினர் வேறு விதமாகப் பேசுவதையும் அவர் குறிப்பிடுகிறார். அதைப் படித்துவிட்டு 14 பண்பாடுகளை உருவாக்கும் ஆசை எனக்கும் வந்தது, உருவாக்கியும் பார்த்தேன். ஆட்டம் அதைத் தாங்கவில்லை. ஒரு பண்பாடு புதிய கண்டுபிடிப்புகளை எட்டும் வேகம் அதன் கவுண்டிகளின் (ஆட்ட வரைபடத்தின் நிலப் பிரிவுகள்) சராசரி வளர்ச்சியைப் பொறுத்தது. இரண்டு வளமான கவுண்டிகளை மட்டும் கொண்ட ஒரு சிறு பண்பாடு மற்ற எல்லாரையும் முந்தி ஓடிவிடும். வறண்ட மலைப்பகுதி மட்டுமே கொண்டது நூறாண்டு பின்தங்கி நிற்கும். பக்கத்து ஊரைப் பிடித்தால்கூட அந்நியப் பண்பாட்டு மக்களை ஆளும் தொல்லை வந்து சேர்கிறது. எனவே எட்டுக்கு மேல் போகாதீர்கள் என்பதே என் முடிவு: வடசமவெளி, வெனிஸ், டஸ்கனியும் ரோமும் சேர்ந்த நடு இத்தாலி, தென்னக லாங்கபார்டர், நேப்பிள்ஸ் அமால்ஃபி கயேட்டா அடங்கிய கடற்கரை நகரங்கள், தென்கோடிக் கிரேக்கர், சிசிலி, சார்டீனியா. வடகிழக்கு மூலையிலுள்ள ஃப்ரியூலியைத் தனியாக்க விரும்புவோர் உண்டு. அக்விலேயா குருபீடத்துக்கு 1077இல் கிடைத்த அரசுரிமையைப் பட்டங்களின் வழியாகவே காட்டிவிடலாம் என்பதால் நான் அதை வடக்கோடு விட்டுவிட்டேன்.

எட்டுக்கும் பொதுவாக ஒரே மரபுவழியை (உறவுள்ள பண்பாடுகளை ஒரே குடும்பமாக இணைக்கும் ஆட்ட அமைப்பு) வைத்து மொழியில் மட்டும் பிரிப்பது நல்லது என்றாலும், இதில் இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, தென்கோடிக் கிரேக்கர்; அவர்களுக்குப் புதிய பண்பாடு தேவையில்லை, ஆட்டத்திலுள்ள கிரேக்கப் பண்பாடே போதும். இன்னொன்று, 867இல் சிசிலியின் மேற்குப் பகுதி. அங்கே அரபு மொழியாரை வைக்க வேண்டும். மொழிகளைப் பிரிக்க, லா ஸ்பெட்சியாவிலிருந்து ரிமினிவரை மொழியியலாளர்கள் இழுக்கும் கோட்டைப் பயன்படுத்துங்கள். கோட்டுக்குத் தெற்கே இரட்டை மெய்கள் அழுத்தி ஒலிக்கும்; வடக்கே அவை பெரும்பாலும் ஒற்றையாகத் தேய்ந்துவிடும். 'படு'வுக்கும் 'பட்டு'வுக்கும் வேறுபாடு அறிந்த நமக்கு இந்தக் கோட்டின் முக்கியத்துவத்தை விளக்கத் தேவையில்லை. சார்டீனிய மொழியை இரண்டு பக்கத்திலும் சேர்க்காமல் தனியே விடுங்கள். லத்தீனில் நூறைக் குறிக்கும் 'கென்டும்' என்ற சொல்லின் முதல் ககரத்தைக்கூடக் 'கென்டு' என்று காத்து வைத்திருக்கும் மொழி அது.

இனி, மாட் செய்பவர்கள் அனைவரும் தடுமாறும் ஒரு சொல்லுக்கு வருகிறேன். 'லொம்பார்டு' என்பதற்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. 568இல் அல்போயின் தலைமையில் ஆல்ப்ஸைக் கடந்து வந்த ஜெர்மானிய மக்கள் முதலாவது. அவர்களின் அரசர் ரொத்தாரி 643இல் வெளியிட்ட 388 பிரிவுகள் கொண்ட சட்டமும் லத்தீனிலேயே எழுதப்பட்டது. அதாவது அப்போதே அவர்கள் கலக்கத் தொடங்கிவிட்டார்கள். சார்லமேன் 774இல் பாவியாவைப் பிடித்து வடக்கிலிருந்த அவர்களின் அரசை முடித்தபோது, பெனவென்டோவின் அரெக்கிஸ் தம்மை இளவரசர் என்று அறிவித்துக்கொண்டு தெற்கில் தனியாட்சி நடத்தினார். 849இல் அந்த நாடு பெனவென்டோ, சலேர்னோ என்று இரண்டாகப் பிரிந்தது. பின்னர் கபுவாவும் தனித்தது. இந்தத் தென்னகத்தார் இரண்டாவது பொருள். பாரியைச் சுற்றியுள்ள புல்யா நிலத்தைப் பைசாந்தியரே 'லொங்கிபார்தியா' என்றுதான் அழைத்தார்கள். மூன்றாவதாக, 12ஆம் நூற்றாண்டுக்குப் பின் ஐரோப்பியச் சந்தைகளில் 'லொம்பார்டு' என்றால் வட இத்தாலிய வணிகர், வட்டிக்குப் பணம் கொடுப்பவர் என்றே பொருள்.

இந்த மூன்றையும் ஒரே பண்பாட்டுக் குறியீட்டில் அடைத்தால் மாட் குழம்பிவிடும். தென்னகத்தாருக்கு 'லாங்கபார்டர்' என்று ஒரு குறியீடும், வடசமவெளிக்கு வேறொரு குறியீடும் வையுங்கள். திரையில் தோன்றும் பெயரிலும் அந்த வேறுபாடு தெரியட்டும். இங்கே ஓர் அழகான உதவியும் உண்டு. லொம்பார்தியா என்ற பெயர் லாங்கபார்டர் ஆண்ட நிலத்தையும், ரொமாஞ்ஞா என்ற பெயர் அவர்கள் கைக்குச் சிக்காமல் ரவென்னாவை மையமாகக் கொண்டு 751வரை 'ரோமானியராக' நீடித்த நிலத்தையும் இன்றுவரை குறித்து நிற்கின்றன. 867ஆம் ஆண்டுக்கு எல்லை வரையும்போது ரவென்னாவை நடு இத்தாலியில் சேர்த்ததற்கு இதுவே எனக்குக் காரணமாக இருந்தது. மொழிக் கோட்டின்படி அது வடக்கில் விழும் என்பது உண்மைதான். சட்டமும் நினைவும் அங்கே வலுவாக இருந்தன என்பதால் நான் மொழியை விட்டுக்கொடுத்தேன்.

இப்போது பெயர்ப் பட்டியல்கள். என் கணிப்பில் ஒரு பண்பாட்டு மாட்டின் உயிர் இதில்தான் இருக்கிறது; போர்ப்படைகளையும் கட்டடங்களையும் கவனிக்காத ஆட்டக்காரர்கூடத் தம் பிள்ளைக்கு ஆட்டம் வைக்கும் பெயரைப் பார்க்காமல் இருக்க மாட்டார். என் முதல் பதிப்பில் 867ஆம் ஆண்டுக்கான டஸ்கனிப் பட்டியலில் 'ஃபிரான்செஸ்கோ'வுக்கு அதிக எடை கொடுத்திருந்தேன். அந்தப் பெயரை இத்தாலி முழுதும் பரப்பிய அசிசியின் புனித பிரான்சிஸ் இறந்தது 1226இல். புனிதராக அறிவிக்கப்பட்டது 1228இல். என் மாட்டிலோ மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே லுக்காவின் கோட்டையில் ஃபிரான்செஸ்கோக்கள் ஓடி விளையாடினார்கள். இத்தாலிய வரலாறு படித்த ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு பட்டியலைப் புதிதாக எழுதினேன்.

எழுதும் முறை இது. பட்டியல் கோப்பில் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு பெயர்க் கூட்டம் இருக்கும். எண் பெரிதானால் அந்தக் கூட்டத்திலுள்ள பெயர்கள் அடிக்கடி வரும். டஸ்கனிக்கு முற்காலப் பட்டியலில் குய்தோ, ஊகோ, இல்தெப்ராந்தோ, ரனியேரி போன்ற ஜெர்மானிய வழிப் பெயர்களுக்கு எண்ணைக் கூட்டுங்கள். ஜோவான்னி, பியெத்ரோ போன்றவற்றை இடைநிலையில் வையுங்கள். 13ஆம் நூற்றாண்டில் 'கடவுள் உன்னைக் காக்கட்டும்' என்ற பொருள்படும் தியோத்திசால்வி, நல்வரவைக் குறிக்கும் பென்வெனூட்டோ போன்ற வாழ்த்துப் பெயர்கள் பெருகின. ஆனால் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு தானாக மாறுவதில்லை. 1178 தொடக்கத்துக்கு உண்மையான வேறுபாடு வேண்டுமானால், அதற்கென்று தனிப் பெயர்ப் பட்டியலோடு ஒரு வழித்தோன்றல் பண்பாட்டை உருவாக்கி, அதன் பெற்றோர் பண்பாட்டையும் தோன்றிய ஆண்டையும் குறித்துவிட்டு, மாகாண வரலாற்றில் அந்த ஆண்டிலிருந்து அதைச் செயல்படுத்துங்கள். நடு இத்தாலிக்கும் வடக்குக்கும் மட்டும் நான் இதைச் செய்தேன்; எல்லாவற்றுக்கும் செய்தால் வேலை இரட்டிப்பாகும், பயன் அவ்வளவு இல்லை.

வெனிஸுக்கு ஒலியை மாற்றுங்கள்: ஜோவான்னி அங்கே ட்சுவானே, ஜோர்ஜோ அங்கே ட்சோர்ட்சி. ஓர்ஸோ, தொமேனிக்கோ, வித்தாலே, பியெத்ரோ ஆகியவை முற்கால தோஜேக்களிடம் (வெனிஸின் ஆட்சித் தலைவர்கள்) திரும்பத் திரும்ப வருகின்றன. நேப்பிள்ஸுக்கு செர்ஜோ, மரீனோ, கிரெகோரியோ, அத்தனாசியோ. அந்நகரத்துப் பத்திரங்களில் சாட்சிகள் லத்தீன் சொற்களைக் கிரேக்க எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்ட எடுத்துக்காட்டுகள் உள்ளன. எனவே கிரேக்கப் பெயர்களுக்கு அங்கே தாராளமாக இடம் கொடுக்கலாம், மக்களைக் கிரேக்கராக்க வேண்டியதில்லை.

பெயர்ப் பட்டியலின் அடியில் இருக்கும் சில எண்களைப் பெரும்பாலோர் தொடுவதே இல்லை: தந்தைவழிப் பாட்டனார் பெயர், தாய்வழிப் பாட்டனார் பெயர், தந்தையின் பெயர் ஆகியவற்றைப் பிள்ளைக்கு வைக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பதை அவை தீர்மானிக்கின்றன. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால் மகனுடைய மகனைப் பெயரன் என்றும் பேரன் என்றும் சொல்லும் மொழி நம்முடையது. இந்த எண்களின் அருமை நமக்குத் தெரியாமல் போகக் கூடாது. மொரிஷியஸில் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளராகக் கப்பலில் வந்த நம் முன்னோரின் பெயர்களைக் குடியேற்ற எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பதிந்தார்கள். தந்தையின் இயற்பெயராக இருந்த ராமசாமியும் வீரப்பனும் அப்படியே குடும்பப் பெயராக உறைந்து, இன்று பேரப்பிள்ளைகளின் அடையாள அட்டைகளில் நிற்கின்றன. ஒரு தந்தையின் பெயர் எப்போது, யாருடைய கையெழுத்தால் குடும்பப் பெயராகிறது என்பது இத்தாலிய நகரங்களிலும் இதே போல நடந்த ஒன்று. அதனால்தான் 867ஆம் ஆண்டுக் கதாபாத்திரங்களுக்கு நான் வம்சப் பெயரைக் குறைத்து, 'இன்னாரின் மகன்' என்ற வடிவத்தைக் கூட்டினேன்.

சார்டீனியாவில் இந்த எண்கள் மிகச் சிறப்பாக வேலை செய்கின்றன. அந்தத் தீவு கல்யாரி, அர்பொரேயா, டோர்ரெஸ், கல்லூரா என்று நான்கு அரசுகளாக இருந்தது. அரசருக்கு 'நீதிபதி' என்றே பட்டம். கல்யாரியின் அரசர்கள் தம் இயற்பெயரோடு தொர்க்கித்தோரியோ, சலூசியோ என்ற இரு அரியணைப் பெயர்களைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றி மாற்றிச் சூடினார்கள்: ஒர்ட்சொக்கோ தொர்க்கித்தோரியோ என்றால், அவர் மகன் கொன்ஸ்டன்டீனோ சலூசியோ, பேரன் மரியானோ மறுபடியும் தொர்க்கித்தோரியோ. அரியணைப் பெயரை ஆட்டம் நேரடியாகத் தருவதில்லை. தந்தைவழிப் பாட்டனார் பெயருக்கான வாய்ப்பை 60க்கு உயர்த்தி, தந்தை பெயருக்கான வாய்ப்பைச் சுழியமாக்கினால் அதே தாளம் வந்துவிடுகிறது. கொனாரியோ, பரிசோனே, கொமீட்டா ஆகியவற்றைப் பொதுப் பட்டியலில் சேருங்கள்.

பட்டங்களின் பெயர்களுக்குத் தனிக் கோப்புறை உண்டு. சார்டீனியாவுக்கு நீதிபதி, வெனிஸுக்குத் தோஜே, தென்னக லாங்கபார்டரின் சிற்றதிகாரிகளுக்குக் கஸ்டால்டு, பாரியிலிருந்து ஆண்ட பைசாந்திய ஆளுநருக்குக் கதெப்பானோ என்று மாற்றுங்கள். தனிப் பண்பாடு தராமல் விட்ட இடங்களின் குறையை இது ஓரளவு தீர்க்கும்.

மரபுகளையும் பண்பாட்டு மனப்பாங்கையும் கொடுக்கும்போது பிற்காலத்தை முற்காலத்தில் திணிக்காதீர்கள். நகரத் தன்னாட்சி வட இத்தாலியின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆனால் மிலானில் கான்சல்களை (நகரத்தைத் தாமே ஆண்ட நகரத்தார் அதிகாரிகள்) காண்பது 1097இல், ஜெனோவாவின் நகரக் கூட்டமைப்பு 1099 அளவில், பேரரசருக்கு எதிராக வடக்கு நகரங்கள் சேர்ந்த லொம்பார்டு கூட்டணி 1167இல், அதன் லெஞ்ஞானோ வெற்றி 1176இல். ஆகவே 867இல் வடக்குக்குக் கூட்டுவாழ்வு மனப்பாங்கைத் தருவது பிழை. 1178க்கு அதைத் தராமல் விடுவதும் அதே அளவு பிழை.

மாகாண வரலாற்றில் அதிக நேரம் பிடிப்பது தெற்குதான். கவுண்டியின் பண்பாடு அதன் தலைமைப் பேரனியிலிருந்தே (கவுண்டிக்குள் அடங்கிய சிறு பிரிவு) எடுக்கப்படுகிறது. மற்றப் பேரனிகளில் எழுதினால் விளைவு தெரியாது. புல்யாவின் வடக்கையும் நடுப்பகுதியையும் பைசாந்திய ஆட்சியில்கூட லாங்கபார்டராகவே விடுங்கள்; சலெந்தோவையும் தெற்குக் கலாப்ரியாவையும் கிரேக்கராக்குங்கள். சிசிலியில் 831இல் முஸ்லிம்களிடம் விழுந்த பலெர்மோவைச் சுற்றிய மேற்கு அரபு மொழியாருக்கும், 902வரை தாவோர்மீனா எதிர்த்து நின்ற வடகிழக்கு கிரேக்கருக்கும் உரியது. 867இல் சிரக்கூசா இன்னும் விழவில்லை. அது 878இல்தான் விழுகிறது. சிசிலியப் பண்பாடு என்று நாம் உருவாக்குவதை 867இல் எந்த மாகாணத்திலும் வைக்க வேண்டாம். 1091இல் நோர்மானியர் நோட்டோவைப் பிடித்துத் தீவை முழுதும் அடக்கிய பிறகு, வடக்கிலிருந்து வந்தவர்கள் பியாட்சா அர்மெரீனா, நிக்கோசியா, சன் ஃபிரத்தெல்லோ போன்ற ஊர்களில் குடியேறினார்கள். அவ்வூர்களில் இன்றும் வட இத்தாலியச் சாயல் கொண்ட பேச்சு உயிரோடு இருக்கிறது. 1178இல் அந்தப் பகுதியில் ஒரு கவுண்டிக்கு வடசமவெளிப் பண்பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். மலைக்கு நடுவே கரும்புக் காட்டில் ஒரு கோயில் கோபுரத்தைக் கண்டதுபோல இருக்கும்.

கதாபாத்திரங்களின் பண்பாடு மாகாணத்திலிருந்து தனியானது. 1009இல் பைசாந்தியருக்கு எதிராகக் கிளர்ந்த பாரியின் மேலுஸ் ஒரு லாங்கபார்டர். அவரைக் கர்கானோ மலையில் நோர்மானியர் சந்தித்தபோது அவர் கிரேக்க உடையில் இருந்தார் என்று புல்யாவின் வில்லியம் பாடுகிறார். அவர் மகனின் பெயரோ அர்ஜீரோஸ் என்ற கிரேக்கப் பெயர். இத்தகையவருக்குப் பண்பாட்டை லாங்கபார்டராகவே எழுதி, மகனின் பெயரை மட்டும் வரலாற்றுக் கோப்பில் நேரடியாகக் கொடுத்துவிடுங்கள்.

இனிக் கோப்பு வேலை. ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் இத்தாலியக் குறியீட்டை அழிக்காதீர்கள். எண்ணற்ற கதாபாத்திரங்களும் நிகழ்வுகளும் பிற மாட்களும் அதைச் சார்ந்து நிற்கின்றன. அந்தக் குறியீட்டை நடு இத்தாலிக்கு என்று சுருக்கி, திரையில் தோன்றும் பெயரை மட்டும் மாற்றுங்கள். மொழிக் கோப்புகளை யுடிஎஃப்-8 பிஓஎம் வடிவில் சேமிக்காவிட்டால் பெயருக்குப் பதிலாகக் குறியீடே திரையில் தெரியும். ஆட்டத்தை டீபக் (பிழை தேடும்) நிலையில் திறந்து, பிழைப் பதிவேட்டை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் படியுங்கள். பத்து மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டுப் பிறகு படித்தால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாமல் போகும். அதன் பின் 867இலிருந்து யாரையும் ஆளாமல் வேடிக்கை பார்க்கும் நிலையில் நூறாண்டு ஓடவிட்டு, சலேர்னோ, ரவென்னா, கல்யாரி ஆகிய மூன்று இடங்களை மட்டும் திறந்து பாருங்கள். என் அக்கா மகன் சென்ற மாதம் அப்படி ஓட்டியபோது, கல்யாரியின் அரண்மனையில் கொன்ஸ்டன்டீனோ என்பவரின் மடியில் ஒரு குழந்தை தொர்க்கித்தோரியோ என்ற பெயரோடு இருந்தது. வம்ச மரத்தில் இரண்டு கட்டம் மேலே அதே பெயர் இருந்தது.